துயருற்றார்க்குத் துணைநின்ற விட்மன்

அமெரிக்க நாட்டுக் கவிஞராகிய வால்ட் விட்மனது பெயர் தமிழ் மக்களுக்குப் புதிதன்று. பாரதியார் தம் வசனத்தில் அவரைப் பாராட்டி எழுதினார். யாப்பின் கட்டை நெகிழ்த்துப் பாடத் துணிந்த ந. பிச்சமூர்த்தியார்க்கு விட்மனது ‘புல்லின் இதழ்கள்’ என்னும் நூல் தூண்டுகோலாயிற்று. எதுகை மோனையற்ற பாட்டும் பாட்டாமோ என்று வழக்காடும் நண்பர் எக்கல்லூரியிலும் உளர். அவ்வழக்கை ஈண்டு நாம் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அக்கவிஞர் ஆஸ்பத்திரிக் கட்டில்களின் அருகே அமர்ந்திருந்த ஆண்டுகளையும், பின்னர் அவரே கட்டிலிற் கிடந்த ஆண்டுகளையும் பற்றியே சில சொல்லப் புகுகின்றோம். முன்னதைப் பலர் எழுதியுள்ளனர். பின்னதில், உள்ளே வந்திருக்க வேண்டிய ஒருவர் வாயிலுக்கு வெளியே நின்றுவிட்டார். அவரை மறவாது கூறவேண்டுமென்பதே நம் விருப்பம்.

விட்மன் 1819-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் நியூயார்க்கு மாகாணத்தைச் சார்ந்த லாங் ஐலண்டு என்னும் தீவிற் பிறந்தார். தந்தையார் தச்சர். மக்கள் பலர், செல்வம் சிறிது. இளமையிலேயே பள்ளியை விட்டு அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கக் கற்று, பின் கிராமப் பள்ளிகளில் உபாத்தியாயராகவும் பத்திரிகைகளில் ஆசிரியராகவும் பிழைத்தார். 1855-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவரது நூலின் முதற்பதிப்பு வெளிவந்தது. அதே மாதத்தில் தந்தையார் காலமானார். அக்குடும்பத்திற்கு நோயும் துக்கமும் அழையா விருந்தினர். கடைசித் தம்பி எட்வர்டு பிறர் துணையின்றி வாழ இயலாதவர். தமையனார் ஜெஸ்ஸி சித்தம் பேதலித்து 1864-இல் மனநோயாளர் விடுதியிற் சேர்க்கப்பட்டு அங்கேயே உயிர் துறந்தார். ஆண்டுரூ என்னும் தம்பி 1863-ஆம் ஆண்டின் இறுதியில் நோயுற்று மாண்டார். விவாகம் செய்துகொள்ளாத விட்மனே தாயாருக்குப் பெருந்துணையாயிருந்தார். நோயாளியின் அறையில் எப்படி நடக்க வேண்டும், எப்போது வாய் திறவாதிருக்க வேண்டும் என்பவற்றை அவர் எந்தக் கலாசாலையிலும் கற்றவரல்லர். வீட்டிலே கற்றனர் எனலாம்.

1862-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வர்ஜீனியா நாட்டில் பிரடெரிக்ஸ்பர்க்கு என்னுமிடத்தில் வடநாட்டாருக்கும் தென்னாட்டாருக்கும் பெரும்போர் நிகழ்ந்தது. வடநாட்டார் படையில் விட்மனது தம்பி ஜார்ஜ் அதிகாரியாயிருந்தார். காயமுற்றோர் பட்டியலில் அவர் பெயர் எழுத்துப் பிழையோடு நியூயார்க்குப் பத்திரிகையில் வெளிவரவே, விட்மன் அன்றே புறப்பட்டார். வழியிற் பிலடெல்பியாவில் எவனோ ஒருவன் அவர் பையிலிருந்த பணத்தைக் கவர்ந்துகொண்டான். கையிற் காசின்றி வாஷிங்டன் ஆஸ்பத்திரிகளிலெல்லாம் தேடியலைந்து, முடிவிற் பாசறையிலேயே தம்பியைக் கண்டார். கன்னத்திற் சிறு காயம், அவ்வளவே. ஆயின், அங்கே ஆஸ்பத்திரியாக மாற்றப்பட்டிருந்த மாளிகையொன்றின் முற்றத்தில், மரத்தடியில், வைத்தியர் அறுத்தெறிந்த கைகளும் கால்களும் ஒரு வண்டிப் பாரமளவு குவிந்து கிடந்ததை அவர் கண்டார். தம்பியைத் தேடி வந்தவர் தம் ஊர் மீளவில்லை. காயமுற்றோரை ஏற்றிய வண்டியுடனும் படகுடனும் வாஷிங்டனுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார்.

படைச்சம்பள அலுவலகமொன்றில் நாளொன்றுக்குச் சில மணி நேரம் நகலெழுதும் வேலை கிடைத்தது. எஞ்சிய பொழுதெல்லாம் ஆஸ்பத்திரிகளிற் கழிந்தது. அந்நாளைய வாஷிங்டன் நகரமே ஓர் ஆஸ்பத்திரி எனத் தகும். மரப்பலகைகளாற் கட்டிய நீண்ட கொட்டகைகள் எங்கும் எழுந்தன. புதுக்கருவிகளின் மாதிரிகளைக் கண்ணாடிப் பேழைகளில் அடுக்கிவைத்த அரசாங்கக் கட்டடத்திலுங்கூட அப்பேழைகளினிடையே கட்டில்கள் இடப்பட்டிருந்தன. கிடந்தவர் பெரும்பாலோர் இருபது பிராயத்தை ஒட்டிய நாட்டுப்புறத்து இளைஞர். குண்டடியைக் காட்டிலும் வயிற்றுப்போக்கும் விஷசுரமும் அவர்களை மிகுதியாகக் கொன்றன.

விட்மன் வைத்தியரல்லர், சம்பளம் பெற்ற தாதியுமல்லர். போர்வீரர்க்குத் தொண்டு புரிந்த கிறிஸ்தவக் குழுவொன்று 1863 ஜனவரியில் அவருக்கு அதிகாரச் சீட்டு வழங்கியது. எனினும் எந்தக் குழுவிற்கும் கட்டுப்படாது தம் போக்கிலேயே அவர் பணி செய்தார். அவர் கைக்கொண்ட முறை மிக எளியது. ஆஸ்பத்திரிக்குப் புறப்படுமுன் சிறிது இளைப்பாறுவார். நீராடித் தூய ஆடை உடுத்து, வயிறார உண்டு, முகமலர்ச்சியோடு செல்வார். களைத்த முகம் நோயாளிக்கு உதவாதென்பது அவர் கருத்து. தோளில் ஒரு பை தொங்கும். அதில் ஆரஞ்சுப் பழம், ஆப்பிள், பிஸ்கோத்து, பழப்பாகு, புகையிலை, கடிதத்தாள், தலை ஒட்டிய உறை, சில்லறைக் காசு முதலியன இருக்கும். ஒவ்வொரு கட்டிலின் எண்ணையும் அங்கே கிடந்தவனது விருப்பத்தையும் சிறு குறிப்பேடுகளில் எழுதிக்கொள்வார். ஒருவனுக்கு ஊறுகாய், ஒருவனுக்குப் பல்துலக்கி, மற்றொருவனுக்குத் தன் ஊர்ச் செய்தி. மறுநாள் மறவாமற் கொண்டுவருவார். 1864-ஆம் ஆண்டுக் கோடையில் ஒருநாள் கார்வர் ஆஸ்பத்திரியின் எல்லா வார்டுகளிலும் ஐஸ்கிரீம் வழங்கினார். அதை அதற்குமுன் சுவைத்தறியாத நாட்டுப்புறத்தாரும் அங்கே இருந்தனர்.

அவரது முதல் அனுபவங்களுள் ஒன்றை மட்டும் சற்று விரித்துக் கூறுவோம். காம்பெல் ஆஸ்பத்திரியில் மசாசூசெட்சு நாட்டு இளைஞரொருவர் பல நாட்களாக எவராலும் கவனிக்கப்படாது கிடந்தார். நோய் முற்றியதைவிட நம்பிக்கை அற்றுப்போனதே அவருக்குப் பெருங்கேடாயிருந்தது. அவ்வழியே சென்ற விட்மன் அம்முகத்தைக் கண்டு நின்றார், ஏதோ பேச்சுக் கொடுத்தார், விடை வரவில்லை. நகராது அருகில் அமர்ந்தார். சிறிது பொழுதிற்குப்பின் அவ்விளைஞர் வாய் திறந்தார். அவர் வீட்டிற்கு விட்மன் ஒரு கடிதம் எழுதினார். வார்டில் பால் விற்க வருபவளிடம் சிறிது பால் வாங்கிக் குடிக்க விருப்பமென்று அவர் சொல்ல, விட்மன் கையிலிருந்த சில்லறையைக் கொடுத்தார். அச்சிறு காசைக் கண்டதும் அவர் தேம்பியழத் தொடங்கினாராம். பின்னாளில் உடல் தேறிய அவர், அன்று விட்மன் வந்திராவிடில் தாம் பிழைத்திருக்க இயலாதென்று கூறினார். மருந்தொன்றும் அங்கே கொடுக்கப்படவில்லை என்பதை நண்பர்கள் கவனிப்பார்களாக.

போர் முடியும்வரை அறுநூறு முறைக்குமேற் சென்றதாகவும், எண்பதினாயிரம் முதல் நூறாயிரம் பேர்வரை நோயாளரிடையே உலாவியதாகவும் விட்மன் கணக்கிட்டார். கவிஞர் கணக்கு சற்றுத் தாராளமானதாயிருக்கலாம். ஆயினும் அக்குறிப்பேடுகள் பல இன்றும் இருக்கின்றன.

இறந்தார் வீட்டாருக்கு அவர் எழுதிய கடிதங்களே நம் கருத்தை மிகவும் கவர்வன. அக்காலத்தில் மகன் இறந்த செய்தி தாய்க்குப் பத்திரிகைப் பட்டியல் வாயிலாகவே பெரும்பாலும் எட்டியது; பல வேளைகளில் அதுவுமில்லை. நியூயார்க்குப் படையிற் குழலூதிய எராஸ்டஸ் ஹாஸ்கல் என்னும் இளைஞர் 1863 ஆகஸ்டில் விஷசுரத்தால் மாண்டபோது, அவர் பெற்றோர்க்கு விட்மன் நீண்ட கடிதம் வரைந்தார். 1865 மே மாதம் முதல் தேதியன்று மாண்ட பிராங்கு இர்வின் என்பாரின் தாயாருக்கும் அவ்வாறே எழுதினார். இக்கடிதங்களில் வீரசொர்க்கம் முதலிய அலங்காரப் பேச்சு மிகக் குறைவு. முழங்காலில் எந்நாள் குண்டு பட்டது, எந்நாள் கால் அறுக்கப்பட்டது, எவ்வாறு முதலில் தேறுவார்போலிருந்து பின் நஞ்சு உடலிற் பரவியது, சுரவேகத்தில் யார் பெயரைச் சொல்லிப் பிதற்றினார், பக்கத்திலிருந்தோரிடம் எவ்வளவு பொறுமையாயிருந்தார் என்பனவெல்லாம் நேரிற் கண்டபடி எழுதப்பட்டிருக்கும். தாம் உறவினரல்லர், மகனது கடைசி நாட்களில் தற்செயலாக வந்து வாய்த்த நண்பரென்று எழுதுவதோடு, அம்மகனைத் தாம் நேசித்ததையும் மறையாது எழுதுவார்.

இதில் அடங்கிய நுட்பம் என்ன? தொலைவில் மாண்டவனைப் பற்றித் தாயின் மனத்தில் ஓயாது எழும் கேள்விகள் சில உண்டு. தனியே கிடந்தானோ, தாகத்திற்கு நீர் கொடுப்பார் இருந்தனரோ, என்னை நினைத்தானோ என்பன அவை. தத்துவம் அவற்றிற்கு விடையாகாது. கண்ட செய்தியே விடையாகும். துக்கமுற்றோர்க்குத் துணைசெய்வதையே தொழிலாகக் கொண்டோர் இக்காலத்தில் முறையாகப் பயிற்சி பெறுகின்றனர். அவர்கள் கற்கும் முதற்பாடங்களுள் இதுவும் ஒன்று.

மதவிஷயத்தில் அவர் நடந்துகொண்ட விதமும் கூறத்தக்கது. ஆஸ்கர் வில்பர் என்னும் இளைஞர் சாகுந்தறுவாயில் புதிய ஏற்பாட்டிலிருந்து ஏதேனும் வாசிக்குமாறு வேண்டினார். எதை வாசிக்கட்டுமென்று விட்மன் கேட்க, அவர் விருப்பிற்கே விடப்பட்டது. கிறிஸ்துநாதர் சிலுவையுண்ட பகுதியை அவர் வாசித்தார். உயிர்த்தெழுந்த பகுதியையும் வாசிக்குமாறு இளைஞர் வேண்ட, அதையும் மெல்ல வாசித்தார். பின் அவ்விளைஞர், சமயத்தில் உமக்குப் பற்றுண்டோ என்று கேட்டபோது, நீர் கருதும் முறையில் இல்லாதிருக்கலாம், எனினும் ஒருகால் இரண்டும் ஒன்றேயாகலாம் என்ற கருத்துப்பட விட்மன் விடையளித்தார். பொய்யும் சொல்லவில்லை, சாகின்றவரோடு வாதமும் புரியவில்லை. இருந்தும் அவரை நம்பிக்கையற்றவரென வெறுத்த தாதிமாரும் அங்கே இருந்தனர். வார்டில் அவர் வருகையைக் கண்டாலே ஒருவருக்கு எரிச்சல் உண்டாயிற்று.

வடநாட்டார் தென்னாட்டார் என்ற வேற்றுமையை அவர் பாராட்டவில்லை. பால்டிமோர் நகரத்துப் பிரெண்டிஸ் சகோதரர் இருவர் எதிரெதிர்ப் படைகளில் நின்று, 1865 ஏப்ரல் மாதம் 2-ஆம் நாள் ஒரே போரிற் காயமுற்று, ஒரே ஆஸ்பத்திரிக்கு வந்து, அவ்வாண்டிலேயே ஒருவர்பின் ஒருவராய் மாண்டனர். இருவர் அருகிலும் விட்மன் இருந்திருக்கின்றார்.

இவ்வளவு துயரை ஒருவர் சுமப்பின் உடல் தாங்குமோ? 1864-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தலைசுற்றலும் தொண்டைவலியும் அவரை வீழ்த்தின. வைத்தியர் கட்டளையிட, தாயார் இல்லஞ்சென்று ஆறு மாதம் தங்கி, மீண்டும் வந்து பணியிற் புகுந்தார்.

இனி, பலர் கூறத் தயங்கும் செய்தியொன்றைக் கூறுவோம். விட்மனது நெஞ்சம் ஆடவரையே நாடியது. அக்காலத்தில் அவ்வியல்பைக் குறிக்கும் சொல்லும் வழக்கில் இல்லை. ஆஸ்பத்திரியிற் கண்ட சார்ஜன்ட் தாமஸ் சாயர் என்பாரிடம் அவர் ஆழ்ந்த அன்பு கொண்டு, போர் முடிந்தபின் ஒருங்கே வாழலாமென்று எழுதினார். தக்க விடை வரவில்லை. இத்தகைய அன்பு ஒரு தாதிக்கு இக்கால ஆஸ்பத்திரிகளில் அனுமதிக்கப்படுவதன்று, அவ்விலக்கும் நியாயமானதே. ஆயினும், பல கட்டில்களுக்கருகே விட்மனை இரவெல்லாம் அமரச் செய்தது அவ்வன்பே என்பதை ஒதுக்கிவிட்டு அவரது தொண்டை மட்டும் புகழ்வது வேரை வெட்டிவிட்டு நிழலைப் புகழ்வதாகும்.

1865-ஆம் ஆண்டில், வாஷிங்டனிற் குதிரைகள் இழுக்கும் டிராம் வண்டியொன்றில் ஓரிரவு வேறு பிரயாணி இல்லை. கம்பளம் போர்த்த விட்மன் தனியே வீற்றிருந்தார். வண்டியின் கண்டக்டர் பீட்டர் டாயில் என்பவர். அயர்லாந்திற் பிறந்தவர், தென்னாட்டுப் படையில் இருந்தவர், பிராயம் சுமார் இருபத்தொன்று. விட்மனுக்கு நாற்பத்தைந்து. அன்றிரவு தொடங்கிய நட்பு விட்மனது இறுதிவரை அறவில்லை. வேலை முடிந்தபின் இருவரும் நதிக்கரையிலே மைல்கணக்காக நடப்பர். விட்மன் பாட்டுச் சொல்வார், நட்சத்திரங்களைச் சுட்டிக்காட்டுவார். லிங்கன் சுடப்பட்ட இரவில் டாயில் அந்நாடகக் கொட்டகையில் இருந்தவர். லிங்கனைக் குறித்து விட்மன் பின்னாளிற் பல நகரங்களில் நிகழ்த்திய பிரசங்கத்திற்கு அவர் கண்ட காட்சி பயன்பட்டது. லிங்கனுக்காக விட்மன் பாடிய கையறுநிலைப் பாட்டு உலகெங்கும் புகழ்பெற்றது.

ஆயின் உலகிற்குத் தெரியவேண்டாமென்ற அச்சமும் உடனிருந்தது. 1870-இல் எழுதிய குறிப்பேட்டில் டாயிலின் பெயரை எழுத அஞ்சி, ஆங்கில அரிச்சுவடியில் அப்பெயரின் முதலெழுத்துக்களுக்குரிய எண்களாகிய 16, 4 என்பவற்றை இட்டார். அவர் என்று ஆண்பாலில் எழுதியதை அழித்துப் பெண்பாலாக்கினார். அரசாங்க அலுவலகமொன்றிலிருந்து தம் நூலின் பொருட்டே 1865-இல் நீக்கப்பட்டவர் அவர். அச்சத்திற்குக் காரணம் இல்லாமலில்லை.

1873-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் விட்மனைப் பக்கவாதம் தாக்கியது. இடப்பக்கம் செயலற்றது. அப்போது இரவு பகலாக உடனிருந்து பணிவிடை செய்தவர்களுள் டாயில் முதன்மையானவர். அவ்வாண்டு மே மாதம் 23-ஆம் நாள் தாயார் இறந்தார். எண்ணற்ற தாய்மாருக்கு ஆறுதல் எழுதிய கைக்குத் தன் தாய்க்கு ஆறுதல் கிடைக்கவில்லை. பிணப்பெட்டியருகே அவர் நெடுநேரம் அகலாதிருந்தார். அத்துயர் தம்மை விட்டு ஒருநாளும் முற்ற நீங்கவில்லையென்று பின்னர்க் கூறினார். நடக்கமாட்டாத அவரைத் தம்பி ஜார்ஜ் நியூஜெர்சி நாட்டுக் காம்டன் நகரில் தம் இல்லத்தில் வைத்துக்கொண்டார். டாயில் வாஷிங்டனில் தங்க நேர்ந்தது. கடிதங்கள் போயின, வந்தன.

1884-இல் 1,750 டாலர் கொடுத்து மிக்கல் தெருவில் விட்மன் ஒரு சிறு வீடு வாங்கினார். கப்பல் தலைவரொருவரின் விதவையாகிய மேரி டேவிஸ் அம்மையார் அடுத்த ஆண்டு முதல் வீட்டைப் பார்த்துக்கொண்டார். 1888 ஜூனில் மீண்டும் வாதம் தாக்கவே, கூலி பெறும் தாதி ஒருவர் எப்போதும் வேண்டியதாயிற்று. ஹோரஸ் டிராபெல் என்னும் இளம் நண்பர் அன்பர்களிடம் மாதந்தோறும் சிறு தொகை திரட்டி அச்செலவை நடத்தினார். நாள்தோறும் வந்து கவிஞர் கூறியவற்றைக் குறித்தும் வைத்தார். அக்குறிப்புக்கள் ஒன்பது பெருநூல்களாக 1906 முதல் 1996 வரை வெளிவந்தன. தாதியர் ஒருவர்பின் ஒருவராய் மாறினர். 1889-இல் வந்த வாரன் பிரிட்ஜிங்கர், கப்பலில் வேலை செய்து மீண்டவர், டேவிஸ் அம்மையார் வளர்த்த பிள்ளை. அவர் இறுதிவரை நின்றார். நாள்தோறும் உடம்பு பிடித்துவிடுவார், படியேற்றி இறக்குவார். 1891 டிசம்பரில் நிமோனியா கண்டபோது பயிற்சி பெற்ற தாதியாகிய எலிசபெத் கெல்லர் அம்மையாரும் வந்து சேர்ந்தார். இவர்களது பணியிற் குறை சொல்வதற்கில்லை. டேவிஸ் அம்மையார் தம் கைப்பொருளையும் செலவிட்டார். கவிஞர் இறந்தபின் அதைப் பெற வழக்காட நேர்ந்தது. கவிஞரைச் சூழ்ந்த அறிவாளிகள் அவரது உழைப்பை மதியாதது நமக்கு வருத்தமளிக்கின்றது. கெல்லர் அம்மையார் 1921-இல் ஒரு நூலெழுதி அக்கடனைத் தீர்க்க முயன்றார்.

காம்டனிற் படுத்திருந்த இக்காலத்தில்தான் சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஜான் அடிங்டன் சைமண்ட்ஸ் என்னும் அறிஞர், தாமும் அவ்வியல்பினர்; மனைவி மக்களோடு வாழ்ந்தும் உள்ளத்தை மறைத்துத் துன்புற்றவர். விட்மன் பாடிய ஆடவர் நட்பிற்கு உட்பொருள் என்ன என்று ஆண்டுக்கணக்காகச் சுற்றிவளைத்துக் கேட்டுவந்தவர், 1890-இல் நேராகவே கேட்டுவிட்டார். விட்மன் சினந்து மறுத்தார். தமக்கு ஆறு மக்கள் உண்டென்றும் எழுதினார். அம்மக்களைப் பற்றிய சான்று எதுவும் இன்றுவரை அகப்படவில்லை. இதைக் கோழைத்தனமென்று இகழ்வோர் உளர். எழுபத்தொரு பிராயம், கை கால் வழங்காமை, உண்ணும் உணவும் தாதியின் கூலியும் பிறர் கொடை. தூக்கி அமர்த்துபவர் முகம் சுளித்தால் வேறு கதி இல்லாத நிலையில் ஒரு கிழவர் எதைத்தான் ஒப்புக்கொள்வார்? 1882-இல் அவரைக் காம்டனுக்கு வந்து கண்டுசென்ற ஆஸ்கர் வைல்டு என்னும் கவிஞர், 1895-இல் இவ்வியல்பின் பொருட்டே இங்கிலாந்திற் சிறை புகுந்தார்.

இந்நிலை அக்காலத்தோடு ஒழிந்ததன்று. அமெரிக்காவில் இத்தகைய முதியோர்க்கென 1978-ஆம் ஆண்டில் நியூயார்க்கிற் சங்கமொன்று நிறுவப்பட்டது. இளமையில் வெளிப்படையாக வாழ்ந்தோரும் முதியோர் விடுதியிற் புகுந்தபின், தாதியருக்கும் அடுத்த கட்டிலினருக்கும் அஞ்சித் துணைவரது படத்தைப் பெட்டிக்குள் மறைத்துவைப்பதுண்டென்பதை இத்தொழிலிலுள்ளோர் அறிவர். நோயாளி தம்மைக் காண வரத்தக்கவர் இன்னாரென்று தாமே குறிக்கலாம், இரத்த உறவோ விவாக உறவோ வேண்டுவதில்லை என்னும் விதியை அந்நாட்டு அரசாங்கம் ஆஸ்பத்திரிகளுக்கு வகுக்க 2010-ஆம் ஆண்டு ஆயிற்று. உலகம் உறவென ஒப்பாத ஒருவரை இழந்து வருந்துவோர், வருந்தும் உரிமையும் அற்றவராகின்றனர். இத்தகைய துக்கத்தை ஒரு தனிவகையாகக் கொண்டு கென்னத் டோக்கா என்னும் ஆசிரியர் 1989-இல் நூல் வெளியிட்டார். அதன்பின்னரே துக்கமுற்றோர்க்குத் துணைசெய்வோர் இதைக் கருத்திற்கொண்டு பயிலலாயினர்.

டாயில் அப்போது எங்கிருந்தார்? காம்டனுக்கு எதிர்க்கரையிலேயே. ரெயில்வேயில் வேலை பெற்றுப் பிலடெல்பியாவில் வசித்தார். இடையே டெலவேர் நதி ஒன்றே. நாள் முழுதும் தோணிக் கப்பல்கள் சென்றுவந்தன. விட்மன் கையிலிருந்த ஊன்றுகோல் டாயில் அளித்தது. தொடக்கத்தில் அவர் வந்துபோனதுண்டு. இறுதி மூன்று நான்கு ஆண்டுகளில் வருகை அருகிவிட்டது. காரணத்தை அவரே 1895-இல், விட்மனது நண்பரான பக்கு என்னும் வைத்தியரிடமும் டிராபெலிடமும் கூறினார். முன்னெல்லாம் விட்மனது கதவு தமக்கு எப்போதும் திறந்திருந்தது. விரும்பியபோது வரலாம், இருக்கலாம், போகலாம். இப்போதோ டேவிஸ் அம்மையாரையும் தாதியையும் மற்றவரையும் கடந்தல்லவோ உட்புக வேண்டும்? அது தம்மால் இயலவில்லை. ஓடிச்சென்று தாமே பணிவிடை செய்யவேண்டுமென்ற வெறி ஒரு சமயம் எழுந்தது. விட்மனுக்கு ஏற்ற தாதி தாமே அன்றோ? அதற்கும் தடைகள் இருந்தன. தாம் ஏன் வருவதில்லை என்பதை எடுத்துச் சொன்னபோது விட்மன் உணர்ந்துகொண்டார். எனினும் எதையும் பொருட்படுத்தாது சென்றிருக்கவேண்டுமென்று இப்போது தோன்றுகின்றது. இவ்வாறு அவர் கூறியதன் சாரம்.

அவ்வீட்டில் எவரும் டாயிலைத் தடுத்ததாகச் செய்தியில்லை. வாவென்று அழைத்ததாகவும் செய்தியில்லை. வேளைக்கு மருந்தும், கஞ்சியும், படுக்கை மாற்றலும் செவ்வனே நடந்தன. யாரைக் காண விரும்புகிறீர் என்று கேட்பது எவருடைய வேலையாகவும் இல்லை. ஆஸ்பத்திரி வார்டிலோ விட்மன் நோயாளரது விருப்பத்தைக் கேட்டு, எழுதவேண்டியவர்க்கு எழுதினார்.

1892-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 26-ஆம் நாள் மாலையில் விட்மன் உயிர் நீத்தார். புரண்டு படுக்கத் துணைசெய்யுமாறு பிரிட்ஜிங்கரிடம் கேட்டதே அவரது கடைசிப் பேச்சு. அவ்வாண்டு ஜனவரியில் உயிலைத் திருத்தியபோது, முன்னர் டாயிலுக்கென்று குறித்திருந்த வெள்ளிக் கடிகாரத்தை வேறொரு நண்பருக்கு மாற்றியிருந்தார். டாயில் இறந்துவிட்டாரென்றே எண்ணியிருக்கலாமென்பர் சிலர். பொதுமக்கள் ஆயிரக்கணக்காக வந்து உடலைக் கண்டனர். டாயிலும் வந்தார். உறவினர் வரிசையிலும் அவருக்கு இடமில்லை. பிரசங்கித்த பெரியோர் வரிசையிலும் இல்லை.

விட்மன் டாயிலுக்கு எழுதிய கடிதங்கள், அவரது சம்மதத்தோடு, 1897-இற் பக்கு வைத்தியரால் நூலாக வெளியிடப்பட்டன. 1895-இல் டாயில் கூறியவையும் அந்நூலின் முகப்பிற் சேர்ந்தன. விட்மனது பழைய மேற்சட்டையொன்று டாயிலிடம் இருந்தது. அவ்வப்போது அதை எடுத்து அணிந்து படுத்துக்கொள்வாராம். அப்போது பழைய நாட்கள் மீண்டதுபோலவும் விட்மன் உடனிருப்பதுபோலவும் தோன்றுமாம். அச்சட்டையைத் தம்மிடமிருந்து வாங்க எவராலும் இயலாதென்றும் அவர் கூறினார். பத்தாண்டுகளுக்குப்பின், 1907 ஏப்ரலில், டாயில் பிலடெல்பியாவிற் காலமானார். விட்மனது கல்லறை காம்டன் நகரத்து ஹார்லி இடுகாட்டில் அவர் குடும்பத்தாரோடு இருக்கின்றது. டாயிலுடையது, அவர்கள் முதன்முதற் கண்ட வாஷிங்டனில் இருக்கின்றது.